எண் இல்லாத ரேடியோ டிரான்ஸ்பார்மருக்கு மாற்று எதைப் போடுவது?

நீங்கள் கேட்டது இது: ஆறு பெரிய செல் போடும் பழைய போர்ட்டபிள் ரேடியோ, செல்லில் நன்றாகப் பாடுகிறது, கரண்டில் செருகினால் மூச்சு பேச்சில்லை. பிளக் பின்களில் மீட்டர் வைத்தால் ஓபன் (எங்கோ இணைப்பு அறுந்தது) காட்டுகிறது, உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் மேல் ஒரு எண்ணும் இல்லை. கையில் 9 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது, ஆறு செல் என்றால் 9 வோல்ட்தானே, அதையே மாட்டிவிடலாமா? ரேடியோ ரிப்பேரில் பல வருடம் இருப்பவன் என்ற முறையில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், அதை மாட்டாதீர்கள். ஏன் கூடாது, எது பொருந்தும் என்பதற்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: போனது டிரான்ஸ்பார்மர்தான் என்பதே இன்னும் உறுதியாகவில்லை.

பிளக் முனையில் பார்த்த ஓபன், வயரில் இருக்கலாம், செட்டின் பின்பக்கம் வயர் செருகும் சாக்கெட்டில் இருக்கலாம், சுவிட்சில் இருக்கலாம். பழைய வயர்கள் பிளக்கை ஒட்டி மடங்கும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, செல்களையும் எடுத்துவிட்டு, செட்டைத் திறந்து டிரான்ஸ்பார்மரின் கால்களிலேயே நேராக அளந்து பாருங்கள். இன்னொரு விஷயம், மீட்டரை எந்த ரேஞ்சில் வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த அளவு சின்ன டிரான்ஸ்பார்மரின் பிரைமரி, அதாவது கரண்ட் பக்கத்து வைண்டிங் (கம்பிச் சுற்று), சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை இருக்கும். 200 ஓம் ரேஞ்சில் வைத்தாலோ, பீப் அடிக்கும் கன்டினியூட்டியில் வைத்தாலோ நல்ல பிரைமரிகூட ஓபன் மாதிரியேதான் காட்டும். 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து மறுபடி பாருங்கள். செகண்டரி, அதாவது ரேடியோ பக்கத்து வைண்டிங், ஒரு சில ஓம் காட்டினால் அது நன்றாக இருக்கிறது. பிரைமரி 20 கிலோ ஓமிலும் ஓபன் என்றால்தான் டிரான்ஸ்பார்மர் மேல் பழி போடலாம்.

அப்போதும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் பிந்திய காலத்து டிரான்ஸ்பார்மர்கள் பலவற்றில் பிரைமரியோடு சீரிஸில் ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும், மேல் டேப்புக்கு அடியில் மிளகு அளவோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ புடைத்துக்கொண்டு இருக்கும். 115, 130 டிகிரி போன்ற ஒரு சூட்டில் ஒரே ஒரு தடவை அறுந்துவிடும், அதன் பிறகு ஒட்டாது. டேப்பைப் பிரித்து ஃபியூஸுக்கு அந்தப் பக்கம் அளந்தால் பிரைமரி உயிரோடு இருப்பது தெரியவரும். உடனே ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு அந்த ஃபியூஸைத் தாண்டிவிடத் தோன்றும், அப்படியே விட்ட செட்டுகள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஃபியூஸ் அறுந்தது என்றால் உள்ளே ஏதோ அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம், கம்பி போட்டால் அடுத்த தடவை அறுப்பதற்கு ஒன்றும் இருக்காது, பிளாஸ்டிக்தான் உருகும். அதே டிகிரி, அதே ஆம்பியர் உள்ள புது ஃபியூஸ் போடலாம், பற்றவைக்கும் சூட்டிலேயே அது அறுந்துவிடும் என்பதால் காலை மூக்கு பிளேயரால் பிடித்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும், அல்லது கிரிம்ப் பண்ண (அழுத்தி இறுக்க) வேண்டும். என் கணிப்பு என்னவென்றால், ஒருமுறை அவ்வளவு சூடான வைண்டிங்கின் எனாமல் (கம்பியின் காப்புப் பூச்சு) மேல் முழு நம்பிக்கை வைக்க முடியாது, மாற்று கிடைக்கும் என்றால் மாற்றிவிடுவதே நல்லது. ஆனால் அந்தப் பழைய டிரான்ஸ்பார்மரால் ஒரு பயன் உண்டு. கரண்ட் வேலையில் பழக்கம் உள்ளவர் என்றால், சீரிஸ் லாம்ப் (ஷார்ட் இருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த, கரண்ட் வரும் வழியில் சீரிஸில் போடும் குண்டு பல்பு) வழியாக ஃபியூஸைத் தாண்டி சில நொடி மட்டும் கரண்ட் கொடுத்து, செகண்டரியில் லோடு (கரண்ட் இழுக்கும் எதுவும்) இல்லாமல் எத்தனை வோல்ட் வருகிறது என்று குறித்துக்கொள்ளலாம். எண் இல்லாத டிரான்ஸ்பார்மருக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

அடுத்து, ஏன் போனது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால் புதியதும் போகும். செல்லில் நன்றாகப் பாடுகிறது என்பதால் ஆடியோ ஐ.சி.யும் மற்ற சர்க்யூட்டும் ஏறக்குறைய நலம் என்று எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது டிரான்ஸ்பார்மருக்கும் செல்லுக்கும் நடுவில் உள்ள பகுதி: ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடுகள், அந்த டி.சி.யைச் சமன் செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டர். ஒரு டயோடு ஷார்ட் ஆனால் செகண்டரி பாதி சுற்றுக்கு நேராக ஷார்ட் ஆகும், சின்ன டிரான்ஸ்பார்மர் உடனே புகையாது, மெதுவாகச் சூடேறி ஒருநாள் அறுந்துவிடும். நான்கு டயோடையும் ஒரு கால் தூக்கி டயோடு ரேஞ்சில் பாருங்கள், சந்தேகம் வந்தால் நான்கையுமே 1என்4007 போட்டுவிடுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரை யோசிக்காமல் மாற்றுங்கள், முப்பது நாற்பது வருடம் ஆன எலக்ட்ரோலிட்டிக் மேல் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது. எல்லாமே நன்றாக இருந்தால்? அதுவும் நடப்பதுதான். நிறைய போர்ட்டபிள் செட்டுகளில் சுவிட்ச் செகண்டரி பக்கம் இருக்கிறது, ரேடியோவை அணைத்தாலும் பிளக் சுவரில் இருக்கும் வரை டிரான்ஸ்பார்மரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். வருடக்கணக்கில் அப்படிச் சூட்டிலேயே இருந்த, தலைமுடி அளவு கம்பி, ஈரப்பதமும் சேர்ந்து ஒரு இடத்தில் அறுந்துவிடும்.

இப்போது வோல்ட். ஆறு செல் 9 வோல்ட் டி.சி. உங்கள் டிரான்ஸ்பார்மரில் போட்டிருக்கும் 9 வோல்ட் ஏ.சி. அதுவும் முழு லோடில், அதாவது 1 ஆம்பியர் இழுக்கும்போது கிடைப்பது. ரேடியோ மெதுவாகப் பாடும்போது 30, 40 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். அந்த நிலையில் இந்த அளவு டிரான்ஸ்பார்மர் 11 வோல்ட் வரை தரும். ஏ.சி.யைத் திருத்தி கெப்பாசிட்டரில் நிரப்பினால் அதன் உச்சிக்குப் போகும், அதாவது 1.414ஆல் பெருக்க வேண்டும், 15.5 வோல்ட். நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜில், ஒரு நேரத்தில் வேலை செய்யும் இரண்டு டயோடு சேர்ந்து ஏறக்குறைய 1.4 வோல்ட் தின்னும், மிச்சம் 14. லைன் வோல்டேஜ் பத்து சதவீதம் ஏறினால் 15 வோல்ட்டைத் தாண்டும். 9 வோல்ட்டுக்காகச் செய்த செட்டில் 16 வோல்ட் கெப்பாசிட்டர்தான் பெரும்பாலும் இருக்கும், எல்எம்386 போன்ற சின்ன ஆடியோ ஐ.சி.களின் சாதாரண வகைக்கு உச்ச வரம்பே 15 வோல்ட். சில நாள் பாடும், ஒருநாள் நின்றுவிடும், அப்புறம் ஐ.சி. தேடி அலைய வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. செல் ரேடியோ என்பதே வோல்ட் இறங்கினாலும் பாட வேண்டும் என்று செய்த சாதனம். செல் ஒன்றுக்கு 1.5 வோல்ட்டில் ஆரம்பித்து 1 வோல்ட் வரை தேயும் வரை பாடும், ஆறு செல்லுக்கு அது 9இலிருந்து 6 வோல்ட் வரை. அதனால் குறைவாகப் போனால் அதிகச் சத்தத்தில் கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். கூடப் போனால்தான் சேதம். உங்கள் செட்டுக்கு 6 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்பார்மரை நான் தேர்வேன். இந்த 3 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது) அளவில் லோடு இல்லாமல் 8 வோல்ட் போல வரும், மெல்லப் பாடும்போது கெப்பாசிட்டரில் 9, 10 வோல்ட், சத்தம் கூட்டினால் 7.5 அளவுக்கு இறங்கும். 7.5 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கிடைத்தால் அதுவும் பொருந்தும், ஆனால் லோடு இல்லாமல் எவ்வளவு ஏறுகிறது என்று முதலில் அளந்துவிட்டுத்தான் செட்டோடு இணைக்க வேண்டும். ஒரே 6 வோல்ட் என்று போட்டிருந்தாலும் ஒரு தயாரிப்பு 7.5 தரும், இன்னொன்று 9 தரும், மேலே உள்ள எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆம்பியரை யூகிக்கவே வேண்டாம், அளக்கலாம். செல் அறையில் ஒரு செல் முனைக்கும் அதன் கான்டாக்ட்டுக்கும் நடுவே இருபுறமும் தகடு ஒட்டிய ஒரு மெல்லிய அட்டையைச் செருகி, மீட்டரை மில்லி ஆம்பியர் ரேஞ்சில் அந்த இரண்டு தகடுகளில் இணைத்து, ரேடியோவை முழுச் சத்தத்தில் பாட விடுங்கள். சாதாரண ஒற்றை ஸ்பீக்கர் செட் 150 முதல் 300 மில்லி ஆம்பியர் வரை துள்ளும், கேசட் மோட்டார் இருந்தால் இன்னும் நூறு, நூற்றைம்பது சேரும். கிடைத்த டி.சி. அளவை 1.6 அல்லது 1.8ஆல் பெருக்கினால் டிரான்ஸ்பார்மரில் வேண்டிய ஏ.சி. ஆம்பியர் வரும், ஏனென்றால் கெப்பாசிட்டர் ஒவ்வொரு சுற்றின் உச்சியில் மட்டும் குத்துக் குத்தாக இழுக்கிறது, அதனால் வைண்டிங் ஏறும் சூடு டி.சி. அளவைக் காட்டிலும் கூடுதல். 300 மில்லி ஆம்பியர் டி.சி. என்றால் 500 மில்லி ஆம்பியர் ஏ.சி. என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிரான்ஸ்பார்மரின் கோர், அதாவது இரும்புத் தகட்டு அடுக்கு, அதன் அளவும் ஒரு குறிப்புதான்: கம்பெனி போட்டதைவிட மிகச் சிறியதைப் போட்டுச் சமாளிக்க முடியாது.

வாங்கப் போவதற்கு முன் பழையதில் எத்தனை கம்பி வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். செகண்டரியில் மூன்று கம்பியும் இரண்டே டயோடும் இருந்தால் அது சென்டர் டேப் (வைண்டிங்கின் நடுவிலிருந்தும் ஒரு கம்பி எடுத்தது), உதாரணமாக 6-0-6. அதில் ஒரு நேரத்தில் பாதி வைண்டிங்தான் வேலை செய்கிறது, ஒரு டயோடின் 0.7 வோல்ட்தான் வீணாகும். அதற்கு ஒற்றை 6 வோல்ட் வைண்டிங் போட வேண்டுமென்றால் நான்கு டயோடு பிரிட்ஜ் சேர்க்க வேண்டும், பழைய சென்டர் கம்பி எங்கே கிரவுண்டுக்குப் போனதோ அங்கே பிரிட்ஜின் மைனஸ் போகும், ஆனால் சில செட்டுகளில் பிளஸ்தான் கிரவுண்ட், டயோடுகளின் திசையைப் பார்த்து உறுதி செய்யாமல் இணைக்காதீர்கள். 6-0-6இன் இரு வெளிக் கம்பிகளையும் எடுத்து பிரிட்ஜில் கொடுத்தால் இரண்டு மடங்கு வோல்ட் போய்விடும். பிரைமரியில் மூன்றோ நான்கோ கம்பி இருந்து 110/220 தேர்வு சுவிட்ச் இருந்தால், உங்கள் ஊர் வோல்டேஜுக்கு மட்டுமான ஒற்றைப் பிரைமரி போட்டுவிட்டு அந்தச் சுவிட்சின் இணைப்புகளை முழுக்க நீக்கிவிடுங்கள், அதன் மேல் ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள், பின்னால் திறப்பவருக்கு உதவும். புதியதில் இரட்டைப் பிரைமரி இருந்தால் சீரிஸில் போடும்போது தலைவால் மாறினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கம்பியின் ஓம் மட்டுமே மிஞ்சும், சில நிமிடத்தில் கருகிவிடும். சீரிஸ் லாம்ப் அங்கேதான் காப்பாற்றும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று எழுதியிருப்பதை 50 ஹெர்ட்ஸில் போட வேண்டாம், கோர் காந்தத்தால் நிரம்பிக் கொதிக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்த ரேடியோவில் இரண்டு பின் வயர், எர்த் கிடையாது. இழுத்து நீட்டும் ஏரியல், இயர்போன் சாக்கெட், செல் அறையின் ஸ்பிரிங், எல்லாமே கை படும் இடங்கள், எல்லாமே செகண்டரி பக்கத்தோடு சேர்ந்தவை. சுவரில் வரும் 230 வோல்ட்டுக்கும் அந்த ஏரியலைப் பிடிக்கும் கைக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் டிரான்ஸ்பார்மருக்குள் உள்ள இன்சுலேஷன்தான். அதனால் பிரைமரியும் செகண்டரியும் பாபினில் (கம்பி சுற்றும் பிளாஸ்டிக் கூடு) தனித்தனி அறையில், நடுவே பிளாஸ்டிக் தடுப்போடு சுற்றிய டிரான்ஸ்பார்மரைத்தான் வாங்க வேண்டும். ஐஇசி 61558 என்ற தரக் குறியீடு உள்ளதாகக் கிடைத்தால் நல்லது, போலி முத்திரையும் உண்டு என்பதால் பாபினையும் கண்ணால் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி நடுவில் ஒரு மெல்லிய தாள் மட்டும் வைத்த மலிவு டிரான்ஸ்பார்மர் வேலை செய்யும், ஆனால் தொடும் பொருளுக்குள் அதை வைக்க மாட்டேன். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் (இரு பக்கத்துக்கும் ஒரே வைண்டிங் உள்ளது), கெப்பாசிட்டர் வைத்து வோல்ட் குறைக்கும் சர்க்யூட் இரண்டும் இங்கே கூடவே கூடாது, அவை வோல்ட்டைக் குறைக்கும், ஆளைப் பிரிக்காது. மெகர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) இருந்தால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே 500 வோல்ட்டில் பாருங்கள், நல்லதில் அளவு எல்லைக்கே ஓடிவிடும், சில மெகா ஓமில் நின்றால் அந்த டிரான்ஸ்பார்மர் வேண்டாம். சாதா மல்டிமீட்டர் இந்தச் சோதனைக்கு உதவாது, அது கொடுப்பதே ஒரு சில வோல்ட்தான்.

பொருத்தும்போதும் இதே கவனம் வேண்டும். கரண்ட் பக்கத்து முனைக்கும் செகண்டரி பக்கத்து எதற்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 8 இருந்தால் நிம்மதி. பற்றவைத்த இடத்தில் ஸ்லீவ் போட்டு, அதன் மேல் இன்னொரு ஸ்லீவ் போட்டு, ஒரு கம்பி அறுந்து விழுந்தாலும் எதையும் தொடாதபடி டை போட்டுக் கட்டுங்கள். வயர் நேராகச் செட்டுக்குள் போகிற மாதிரி இருந்தால், இழுத்தால் இழுவை பற்றவைத்த இடத்துக்கு வராமல் கிளிப் பிடிக்க வேண்டும். புதியது பழைய திருகாணி ஓட்டைக்குப் பொருந்தாவிட்டால் உலோகப் பட்டை போட்டுத் திருகுங்கள், சூட்டுப் பசையை நம்ப வேண்டாம், டிரான்ஸ்பார்மர் சூட்டில் அது இளகும். 3 வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டில் இழுப்பது 13 மில்லி ஆம்பியர்தான், ஆகவே பிரைமரியில் 50 மில்லி ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ் (ஒரு நொடித் துள்ளலுக்கு அறாதது) ஒன்றும், செகண்டரியில் ஒன்றும் வைத்தால் அடுத்த டயோடு ஷார்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் பலியாகாது. முதலில் செட்டோடு இணைக்காமல் அரை மணி நேரம் கரண்டில் விட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை.

பழையதையே ரீவைண்டிங் செய்யலாமே, அதாவது புதுக் கம்பி சுற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். கோரின் நடுக்கால் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்றால், வழக்கமான கணக்குப்படி 45ஐ 2ஆல் வகுத்து, 50 ஹெர்ட்ஸில் ஒரு வோல்ட்டுக்கு 22 சுற்றுக்கு மேல் வேண்டும், பிரைமரிக்கு மட்டும் 5000 சுற்று, 0.08 மில்லிமீட்டர் கம்பியில். பெரிய டிரான்ஸ்பார்மருக்கு ரீவைண்டிங் அருமையான வேலை, இந்தச் சின்னதுக்கு நான் செய்ய மாட்டேன், காரணம் சுற்றுவதன் சிரமம் மட்டும் இல்லை, பழைய பாபினில் மேலே சொன்ன இன்சுலேஷனைக் கொண்டுவருவது கஷ்டம். இதே கணக்கை வைத்து நல்ல செகண்டரியின் சுற்றை எண்ணிப் பழைய வோல்ட்டை யூகிக்கலாம், ஆனால் சின்ன கோர்களை இன்னும் இறுக்கமாக ஓட்டுவார்கள் என்பதால் அது வெறும் தோராயம்.

கரண்ட் வேலையில் பழக்கம் குறைவு என்றால், உள்ளே கை வைக்காமலே ஒரு நல்ல வழி இருக்கிறது. செட்டில் டி.சி. சாக்கெட் இருந்தால் வெளியில் எலிமினேட்டர் (சுவரில் செருகினால் டி.சி. தரும் அடாப்டர்) போடுங்கள், பழைய கரண்ட் வயரை இனிச் சுவரில் செருகாதீர்கள். ரெகுலேட்டர் (வோல்ட்டை மாறாமல் வைக்கும் பகுதி) உள்ள 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வகை எலிமினேட்டர் வேண்டும், ரெகுலேட்டர் இல்லாதது லோடு இல்லாமல் 13 வோல்ட் காட்டும். பழைய செட்டுகளில் பல, நடு முனை மைனஸ். சாக்கெட் பக்கத்தில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் செருக வேண்டும். சின்ன, கனமில்லாத ஸ்விட்சிங் அடாப்டர் எஃப்எம்முக்குப் போதும், மீடியம் வேவ், ஷார்ட் வேவ் கேட்பவருக்கு அது தொல்லை, பேண்ட் முழுக்க இரைச்சல் பரவும். கடிகாரம் உள்ள ரேடியோ என்றால் இந்த வழி ஒத்துவராது, பல கடிகார ஐ.சி.கள் நேரத்தை எண்ணுவதே செகண்டரியில் வரும் 50 ஹெர்ட்ஸை வைத்துத்தான்.

மாற்றிய பிறகு ம்ம் என்ற ஹம் வந்தால் அது எப்போது வருகிறது என்று கேளுங்கள். எல்லா நேரமும் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் போதவில்லை. 1000 மைக்ரோ ஃபாரட்டில் 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் அலை, அதாவது டி.சி. ஏறி இறங்கும் அளவு, 2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும், 2200 போட்டால் பாதியாகும், 25 வோல்ட் ரேட்டிங் எடுங்கள். ஸ்டேஷன் பிடிக்கும்போது மட்டும் ஹம் வந்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் மறைந்தால் ஒவ்வொரு டயோடு மேலேயும் 0.01 மைக்ரோ ஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டர் ஒன்று பற்றவையுங்கள், நின்றுவிடும். கேசட் உள்ள செட்டில் டேப் ஓடும்போது மட்டும் வந்தால், டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் ஹெட்டில் படுகிறது, டிரான்ஸ்பார்மரைக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள், பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசைதான் பெரும்பாலும் சரியாக வரும்.

செட்டைக் கண்ணால் பார்க்காமல் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்வது முறையாகாது. முழுச் சத்தத்தில் செல்லிலிருந்து எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது, செகண்டரியில் இரண்டு கம்பியா மூன்றா, டயோடு எத்தனை, ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல் எத்தனை வோல்ட் எழுதியிருக்கிறது, இந்த நான்கையும் எழுதுங்கள், எந்த டிரான்ஸ்பார்மர் என்று சொல்கிறேன்.